வெள்ளிக் கிரகவாசியின் முகம்

“மாமா, அப்பா ஒரு படத்திலை நடிச்சவராம். உண்மையோ?”

அபிராமி கேட்டபோது என் கையில் தேநீர்க் கோப்பை இருந்தது. நான் அதைக் கீழே வைக்கவில்லை. ஒரு வாய் குடித்தேன். பதில் சொல்ல நேரம் தேவைப்படும்போது நான் செய்வது அது. வகுப்பறையில் பழகியது.

போன மாரியில் ஒரு ஞாயிறு பிற்பகல். பாரிசின் லா சப்பலில், கார் து நோர் நிலையத்துக்குப் போகும் ரயில் பாதையைப் பார்த்தபடி நிற்கும் பழைய கட்டடத்தின் நாலாம் மாடி. அபிராமியின் அப்பா, என் நண்பன் துரைசிங்கம், எங்களுக்குச் சிங்கம், செத்து இரண்டு கிழமை ஆகியிருந்தது. கூடத்தில் அவனுடைய உடுப்புகள் பெட்டிகளில் கட்டிக் கிடந்தன. வாடகை வீடு, திருப்பிக் கொடுக்க வேண்டும். யன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அவன் ரெஸ்ரோரன்டில் போட்டிருந்த வெள்ளைச் சமையல் அங்கி ஒரு நாற்காலி முதுகில் தொங்கியது. அதில் இன்னும் பொரித்த வெங்காயம் மணத்தது. அதை மடித்து வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

நாலு பேர் இருந்தோம். அபிராமி. அவளோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் சென்னைக்காரர் பிரசன்னா. எங்கள் இலக்கிய வட்டத்தின் தலைவர் தில்லையம்பலம். பிறகு நான். சிங்கத்தின் கல்வெட்டைத் தயாரிக்கக் கூடியிருந்தோம்.

புலம்பல் எழுதித் தருபவன்

யாழ்ப்பாணத்தவர் அல்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் கல்வெட்டு என்பது கல்லில் வெட்டுவது அல்ல. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள், வந்தவர்கள் சாப்பிட்டு எழும்பும்போது கையில் கொடுக்கும் சிறு புத்தகம். முன்னால் இறந்தவரின் படம். உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிறகு பிள்ளைகளின் புலம்பல் பாட்டு. பிள்ளைகளின் புலம்பலைப் பிள்ளைகள் எழுதுவதில்லை. என்னைப் போல ஒருவன் எழுதுவான்.

லா சப்பலில் செத்த வீடு என்றால் என்னிடம் வருவார்கள். “மாஸ்டர், ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ.” நானும் எழுதினேன். கடைக்கு வந்தவனுக்கு ஒரு வாழைப்பழம்கூடச் சும்மா கொடுக்காதவர் என் பேனாவில் கொடைவள்ளல் ஆனார். மனைவியோடு வருடக்கணக்கில் பேசாதவர் இல்லறத்துக்கு இலக்கணம் ஆனார். இதைப் பொய் என்று நான் நினைத்ததில்லை. சபை நாகரிகம் என்று நினைத்தேன்.

ஆனால் அன்று அபிராமிக்கு என் இரண்டு பக்கமும் பெரிதாகத் தேவைப்படவில்லை. அவளுக்கு வேண்டியது ஒரு படம். அப்பாவின் இளவயதுப் படம்.

சிங்கத்திடம் ஒன்றுமே இல்லை. ஊரில் வீடு எரிந்தபோது அல்பம், கல்யாணப்படம் எல்லாம் போய்விட்டன. இருந்ததில் பழையது, இங்கே வந்த பிறகு கார்த் து செஜூருக்காக, அதாவது வதிவிட அனுமதி அட்டைக்காக, எடுத்தது. அதில் முன்மயிர் கொட்டிவிட்டது. கண்கள், கவுண்டருக்கு அப்பால் இருக்கும் அதிகாரியைப் பார்ப்பதுபோலப் பயந்திருந்தன.

“எனக்கு இந்த ஆளைத்தான் தெரியும், மாமா,” என்று அந்தப் படத்தை மேசையில் தள்ளினாள். “இந்த ஆளுக்கு முந்தி இருந்தவரை ஒருக்கால் பார்க்கவேணும் எனக்கு. படத்திலை நடிச்சனான் எண்டு அப்பா எத்தினையோ தரம் சொன்னவர். நான் கவனிக்கேல்லை. கீழை காவிலை ஒரு வட்டத் தகரம் இருக்கு. திறந்தால் விநாகிரி மாதிரிப் புளிச்சு மணக்குது. உள்ளுக்குள்ளை பிலிம். அதுதானோ?”

காவ் என்பது இங்கே கட்டடத்தின் அடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கிய நிலவறை.

பிரசன்னா நிமிர்ந்தார். “ரீலா? சூப்பர் அங்கிள்! அதை ஸ்கேன் பண்ற லேப் இங்கயே இருக்கு. என் ஃப்ரெண்ட் ஒருத்தன் அங்கதான் ஒர்க் பண்றான். ஒரே ஒரு ஃப்ரேம் நல்லா கிடைச்சாக்கூட கவர்ல போட்டுடலாம்.”

தில்லையம்பலம் சிரித்தார். “ஐயோ தம்பி, உமக்குச் சிங்கத்தைத் தெரியாது. அந்தாள் வெள்ளிக் கிரகத்துக்குப் போய் வந்த ஆள்! தேத்தண்ணிக் கடையிலை நாங்கள் கேக்கிறனாங்கள், ‘என்ன சிங்கம், இண்டைக்கு ராக்கெட்டோ, மெத்ரோவோ?’ எண்டு. ‘நான் எப்பிடியும் போவன், நீ முதல் உன்ரை கார்த் து செஜூரைப் புதுப்பி’ எண்டுவான்.” பிறகு என்னைப் பார்த்தார். “மாஸ்டர், நீங்கள் ரெண்டு பேரும் ஒண்டாப் படிச்சனீங்கள். நீங்களே சொல்லுங்கோ. அப்பிடி ஒரு படம் வந்ததோ?”

அபிராமி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோடாக் கம்பனி முதலாளியின் ராக்கெட்

வந்தது. அதன் பெயர் ‘வெள்ளிக் கிரக வேட்டை’. அதற்கு வசனம் எழுதியவன் நான்.

நிலவில் மனிதன் கால் வைத்த செய்தி வருவதற்குச் சில வருடங்களுக்கு முன். எங்கள் பக்கத்தில் ஒரு சோடாக் கம்பனி முதலாளி இருந்தார். செல்லையா என்று பெயர். வியாபார விஷயமாகக் கொழும்புக்குப் போகும்போதெல்லாம் மலிவான அமெரிக்கப் படங்களாகப் பார்த்துவிட்டு வருவார். ரப்பர் பூதங்கள், தகர ராக்கெட்டுகள், அலறும் பெண்கள். “இதுக்கு என்ன செலவு வரும்? எங்களிட்டையும் தகரம் இருக்கு, ரப்பர் இருக்கு,” என்று ஒருநாள் தொடங்கினார்.

கொழும்பிலிருந்து ஒரு சிங்களக் கமராக்காரர் கமராவோடு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் நடிகர்களுக்கு நடிப்புத் தெரியாது. ஆகவே தகராறு எதுவும் வரவில்லை.

வெள்ளிக் கிரகம் மணற்காட்டில் இருந்தது. கடலோரம் மலைபோல் குவிந்த மணல் திட்டிகள். மணலில் பாதி புதைந்த ஒரு பழைய தேவாலயம் வெள்ளிக் கிரகத்தின் தலைநகரம். அந்தக் கிரகத்தின் எரிமலைக்குழம்பு கொதித்தது சோடாவால்தான். முதலாளி போத்தல் போத்தலாக உடைத்து ஊற்றுவார்.

கதை இதுதான். நோய் தீர்க்கும் மூலிகை தேடி ஒரு தமிழ் விஞ்ஞானியின் குழு வெள்ளிக்குப் போகிறது. ஒரு பூதம் அவர்களைத் துரத்துகிறது. கடைசியில் பாறை சரியும்போது அந்தப் பூதமே குறுக்கே விழுந்து கதாநாயகியைக் காப்பாற்றுகிறது. சாகும்போது தலைக்கவசத்தைக் கழற்றுகிறது. உள்ளே மனித முகம்.

பூதம் சிங்கம். உயரமானவன் என்பதால் அவனைப் பிடித்தோம். பழைய சைக்கிள் டியூப்களை வெட்டித் தைத்து, வெள்ளிப் பூச்சுப் பூசிய உடுப்பு. தலையில் கண்ணுக்கு ஓட்டை போட்ட அலுமினியக் குண்டான். உச்சி வெயிலில் அந்த ரப்பருக்குள் அவன் வெந்தான். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் கழுத்து வழியே சோடாவை ஊற்றுவோம். ஒருநாள் மயங்கி விழுந்தான். கமராக்காரர் அதையும் எடுத்தார். நன்றாக இருக்கிறது என்று படத்தில் வைத்துக்கொண்டார்கள்.

கடைசிக் காட்சியில் இறந்துகொண்டிருக்கும் பூதத்துக்கு மேல் குனிந்து கதாநாயகன் பேசவேண்டும். நான் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். “அந்நியன் என்று எண்ணினேன், அண்ணன் என்று அறிந்தேன்! கோளில் பிறந்தவனே, நீ கொள்கையில் பிறந்தவன்!” இப்படி. கதாநாயகனுக்கு அது பாடமாகவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தார்கள். அவ்வளவு நேரமும் சிங்கம் சூரியனைப் பார்த்து இமைக்காமல் மணலில் கிடந்தான். எழும்பியபோது கண் சிவந்து வீங்கியிருந்தது. “டேய், உன்ரை தமிழாலை நான் குருடாகப் போறன்,” என்றான்.

எனக்கு அப்போது அந்த வசனத்தில் ஒரு சொல்லைக்கூடக் குறைக்க மனமில்லை.

காருக்குள் இருந்து படம்

சினிமாக் கொட்டகைக்காரர்கள் படத்தைத் திரையிட மறுத்தார்கள். முதலாளி சளைக்கவில்லை. அமெரிக்காவில் சனம் வெளியில் காரை நிறுத்திவிட்டு, காருக்குள் இருந்தபடியே படம் பார்க்குமாம். சஞ்சிகை ஒன்றில் படம் பார்த்திருந்தார். “அவன் கச்சான் கடலை திண்டுகொண்டு பார்க்கிறான். எங்களுக்கு என்ன குறை?”

குறை, கார். ஊரில் அவ்வளவு கார் ஏது? டாக்குத்தரின் கார் வந்தது. கோட்டில் வழக்குப் பேசும் அப்புக்காத்து ஒருவரின் கார் வந்தது. வாடகைக் கார்களில் குடும்பம் குடும்பமாக நெருக்கிக்கொண்டு வந்தார்கள். மற்றவர்கள் சைக்கிள் கரியரிலும் பாயிலும் இருந்தார்கள். இரண்டு பனைகளுக்கு இடையே வெள்ளைத் துணி. சோடா லொறியின் மேல் படம் காட்டும் கருவி. பொழுது பட்டதும் தொடங்கியது. காற்று வந்தபோதெல்லாம் வெள்ளிக் கிரகம் வயிறு ஊதியது. பிடித்த இடங்களில் கார்க்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள். கார் இல்லாதவர்கள் சைக்கிள் மணி அடித்தார்கள்.

அதன்பின் நான் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் கல்லூரி அதிபர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “அந்தக் கூத்துக்கு வசனம் எழுதினது நீர்தானோ?”

“எந்தக் கூத்து, சேர்?” என்றேன்.

படத்தின் விளம்பரத்தில் என் புனைபெயர்தான் இருந்தது. வேலை கிடைத்தது. அந்தப் புனைபெயரை அத்தோடு கைவிட்டேன்.

சோடாக் கம்பனி நொடித்தபோது படச்சுருள்களை யாரோ அள்ளிக்கொண்டு போனார்கள். சிங்கம் முதலாளியிடம் கேட்டுக் கடைசிச் சுருளை மட்டும் வாங்கி வைத்தான். அவன் முகம் தெரிகிற சுருள். வீடு எரிந்த நாளில் அந்தத் தகரம் கிணற்றடிக் கொட்டிலில் கிடந்ததால் தப்பியது. பல வருடங்களுக்குப் பிறகு, சமாதானம் என்று சொல்லப்பட்ட காலத்தில், அவனுடைய அக்கா அதைச் சேலைகளுக்கு நடுவில் சுற்றிப் பாரிசுக்குக் கொண்டுவந்தார்.

சிங்கம் என்னிடம் வந்தான். “டேய், உனக்குத்தான் பிரெஞ்சு எழுத வரும். பழைய படங்களைக் காப்பாத்திற இடம் இஞ்சை இருக்காம். ஒரு கடிதம் போடன். அபிக்குக் காட்டவேணும்.”

“பாப்பம்,” என்றேன்.

சந்திக்கும்போதெல்லாம் கேட்பான். நானும் பாப்பம் என்பேன். “உன்ரை பாப்பம் என்ரை செத்த வீட்டுக்குத்தான் வரும்,” என்றான் ஒருமுறை. தேத்தண்ணிக் கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அதற்குள் நான் வேறு ஆளாகியிருந்தேன். சைவ இலக்கியம் பற்றிப் பேசக் கூப்பிடுகிறார்கள். மலிவான சினிமா தமிழனின் மூளையைக் கெடுத்துவிட்டது என்று இதே வார இதழில் நான் எழுதிய கட்டுரைகளை வாசகர்கள் சிலர் வாசித்திருப்பீர்கள். ‘அந்நியன் என்று எண்ணினேன்’ எழுதியவன்தான் அவற்றையும் எழுதினான்.

நான் சொன்னது

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பவேண்டும். எவ்வளவு சுற்றினாலும் அங்கேதான் வரவேண்டியிருக்கிறது.

தேநீரை விழுங்கினேன். தில்லையம்பலத்தைப் பார்த்தேன். பிரசன்னாவின் நண்பர் அந்தச் சுருளை ஒரு பெரிய திரையில் ஓடவிடுவதையும், என் வசனத்துக்கு இலக்கிய வட்டம் முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதையும் நினைத்தேன்.

“அது அவன்ரை பகிடி, பிள்ளை,” என்றேன். “அப்பிடி ஒரு படம் வரேல்லை.”

பொய்க்கு முண்டு கொடுக்காமல் விட எனக்குத் தெரியாது. “அந்தத் தகரம் ஏதாவது கொட்டகைக்குப் பின்னாலை பொறுக்கினதாய் இருக்கும். அவனுக்குச் சின்னனிலை இருந்து அந்தப் பழக்கம்.”

“பாத்தீரோ!” என்று தில்லையம்பலம் பிரசன்னாவின் தோளில் தட்டினார்.

“ஆ, பொன்,” என்றாள் அபிராமி. அப்படியா என்பதற்கு இங்கே சொல்லும் சொல். முன்னால் இருந்த மடிக்கணினியை மூடினாள். மேசையில் கிடந்த அனுமதி அட்டைப் படத்தை எடுத்து, இதையே போடுவோம் என்றாள்.

அந்தத் தகரத்தை எறி என்று நான் சொல்லவில்லை. அடுத்து வந்த நாட்களில் எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டது அதுதான்.

கல்வெட்டில் ‘கலையார்வம் மிக்கவர்’ என்று எழுதினேன். அந்த இரண்டு சொற்களில் என் கடன் தீர்ந்ததாக எண்ணினேன்.

முப்பத்தோராம் நாள் சாப்பாடு ஒபர்வில்லியேயில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வடை, பாயாசத்துக்குப் பிறகு புத்தகம் கொடுத்தோம். சிங்கத்தோடு அதே சமையலறையில் நீண்ட காலம் வேலை செய்த மாலி நாட்டுக்காரர் ஒருவர் வந்திருந்தார். நல்ல நீல அங்கி போட்டிருந்தார். புத்தகத்தைத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது ஐயா என்று பிரெஞ்சில் சொன்னார். சிங்கம் வேற்றுக்கிரகத்துப் பூதமாக நடித்தாரே, அதை எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டார்.

எழுதியிருக்கிறோம் என்றேன்.

அவர் சந்தோஷப்பட்டார். எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் ஒரு பக்கத்தைக் காட்டினேன். அது புலம்பல் பாட்டு. அவர் அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து, புத்தகத்தை உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று நான் இருக்கும் சென் தெனிக்குத் திரும்பும் பஸ்ஸில் என்னால் உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன்.

வெறும் வீடு

அபிராமி வீட்டைக் காலிசெய்து திறப்பை ஒப்படைக்கும் நாளன்று காலையில் போனேன். மாடி ஏறியதும் மூச்சு வாங்கியது. கூடத்தில் ஒன்றும் இல்லை. சுவரில் சாமிப்படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அவள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் மஞ்சள் ரப்பர் உறை.

இருக்க நாற்காலி இல்லை. நின்றபடியே சொன்னேன்.

“பிள்ளை, நான் உமக்குப் பொய் சொன்னனான். அப்பா நடிச்சவர். படம் வந்தது. கீழை இருக்கிற தகரம் அந்தப் படம்தான். பிரசன்னாவிட்டைக் குடுப்பம். வாரும், இப்பவே எடுப்பம்.”

அவள் எழும்பவில்லை. கையுறையை ஒரு விரலாக ஒரு விரலாகக் கழற்றினாள்.

“அது இல்லை, மாமா. அப்பான்ரை பழைய மெத்தையோடை சேர்த்து வாசலிலை வைச்சனான். மெரியின்ரை வண்டி வந்து ஏத்திக்கொண்டு போட்டுது. அந்த மணம் எனக்குத் தலையிடி.”

“எப்ப?”

“முப்பத்தொண்டுக்கு முதலே.”

மெரியின் வண்டி, மாநகரசபையின் வண்டி. தெருவில் வைக்கும் பழைய தளபாடங்களை அது அந்த இடத்திலேயே நசுக்கிவிடும். வேலைக்குப் போகும் வழியில் நான் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன்.

கீழே ஒரு ரயில் போனது. தரை சற்று அதிர்ந்தது. அவள் வாளியைத் தள்ளிவிட்டு யன்னலடியில் சுவரில் சாய்ந்து இருந்தாள்.

“ஏன் மாமா அப்பிடிச் சொன்னனீங்கள்?”

“வெக்கம்.”

“அப்பாவை நினைச்சோ?”

“இல்லை. என்னை நினைச்சு. வசனம் நான் எழுதினது. சரியான குப்பை வசனம்.”

“ஸே தூ?” என்றாள். பிறகு தமிழில், “அவ்வளவுதானோ?”

அவள் திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் நெற்றியைத் தேய்த்தாள்.

“அந்தத் துண்டிலை அப்பான்ரை முகம் தெரியுமோ?”

“ஓம். கடைசியிலை தலையைக் கழட்டுவான்.”

“எப்பிடி இருந்தவர்?” கண்ணை மூடிக்கொண்டாள். “சொல்லுங்கோ. நீங்கள் எழுதுற ஆள்தானே.”

என்னிடம் சொற்கள் இருந்தன. கட்டிளங்காளை, சுருள் கேசம், ஒளிவீசும் விழிகள். எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். வாய் திறந்தால் தானாக வரும். திறந்தேன்.

சிங்கத்தின் இளவயது முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. நெடுங்காலம் பழகிய ஒருவனின் முகத்தின் மேல் முகம் படிந்துகொண்டே போகிறது. எனக்கு வந்தது நரைத்தவன்தான், லா சப்பலில் குளிர்தொப்பியோடு நிற்பவன். ஆகவே திரையை நினைத்தேன். இரண்டு பனை, காற்றில் உப்பிய துணி, பாறை சரிகிறது, குண்டானை இரண்டு கையாலும் பிடிக்கிறான். அதற்குப் பிறகு திரை இல்லை. கார்க் கண்ணாடிகள்தான் தெரிகின்றன. கண்ணாடிகளுக்குப் பின்னால் டாக்குத்தரின் முகம், அவர் மனைவியின் முகம், வாடகைக் காரில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும் முகங்கள்.

“தெரியாது, பிள்ளை,” என்றேன். “அந்த இடத்திலைதான் என்ரை வசனம் வரும். அதுக்கு ஆர் ஆர் ஹோர்ன் அடிக்கினம் எண்டு நான் பின்னாலை திரும்பிப் பார்த்துக்கொண்டு நிண்டனான். திரையைப் பார்க்கேல்லை.”

அபிராமி கண்ணைத் திறந்தாள்.

“மற்றத் தரம் பார்த்திருப்பியள்தானே?”

“ஒருக்கால்தான் அந்தப் படம் ஓடினது,” என்றேன்.